ஜப்பானில் குடித்தனம்: போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நொய்யல்காரி (#1)

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு டோக்கியோவில் வேலை. மார்ச் கடைசியில் நானும் ஏழு வயது மகளும் போய்ச் சேர்கிறோம். அந்த ஊரைப் பற்றித் தமிழில் தேடினால் இக்கிகாய், கின்ட்சுகி, வாபி-சாபி என்று தத்துவமாகவே வருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாள் காலையில் கதவைத் திறந்ததும் எதிர்வீட்டு அம்மா நின்றால் என்ன சொல்வது, குப்பையை எங்கே போடுவது, குழந்தை பள்ளியில் என்ன சாப்பிடுவாள் என்பதெல்லாம் எதிலும் இல்லை. அங்கே குடித்தனம் நடத்தியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாங்கள் சைவம். மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டுபோகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

எடோகவா_வாசி (#2)

வாங்க தங்கச்சி. நான் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். எங்கள் எடோகவா வார்டில் இந்தியக் குடும்பங்கள் அதிகம். பருப்பு, புளி, இட்லி அரிசிக்குப் பஞ்சமில்லை. அதனால் சாமானைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பழக்கவழக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாசல். ஜப்பான் வீட்டில் கதவைத் திறந்ததும் உள்தரையைவிட ஒரு படி தாழ்ந்த சின்ன இடம் இருக்கும். அதற்குப் பெயர் கென்கான். செருப்பு அங்கேயே கழற்றப்படும். செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லைதான். ஆனால் அந்தப் படிக்குக் கீழே நிற்கிறவர், கதவுக்கு உள்ளே நின்றாலும், இன்னும் வெளியில்தான் நிற்கிறார். கூரியர் கொண்டுவருபவர், பக்கத்து வீட்டுக்காரர், வார்டு அலுவலக ஆள் எல்லோரும் அங்கேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் கூப்பிட வேண்டுமானால் 'ஏறி வாருங்கள்' என்றுதான் சொல்வார்கள். பல வருடம் பழகியும் அந்தப் படியை ஏறாத உறவுகள் எனக்கு உண்டு. தொடக்கத்தில் இது மனசைச் சுட்டது. அப்புறம்தான் அது அவமதிப்பு இல்லை, அவர்கள் ஒருவரை ஒருவர் நடத்தும் முறையே அது என்று புரிந்தது.

யார் வீட்டிலாவது ஏறச் சொன்னால் 'ஒஜாமா ஷிமாசு' சொல்லுங்கள். 'இடைஞ்சல் தருகிறேன்' என்று அர்த்தம். கழற்றிய செருப்பின் முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். உள்ளே நடக்க ஸ்லிப்பர் தருவார்கள். கோரைப்பாய்த் தரை உள்ள தத்தாமி அறை வந்தால் அந்த ஸ்லிப்பரையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர் கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடுவது வெளிநாட்டவர் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு.

உங்களுக்குப் பிடித்துப்போகும் ஒன்று சொல்கிறேன். நம் வீட்டில் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் அம்மா விடமாட்டார், 'போய்ட்டு வரேன்னு சொல்லு' என்பார். அங்கும் அதேதான். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தெகிமாசு' என்பார். சொல்லுக்குச் சொல் 'போய்விட்டு வருகிறேன்'. வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்', அதாவது போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் 'ததாய்மா', பதிலுக்கு 'ஒகாயேரி'. உங்கள் மகள் முதல் மாதத்திலேயே இதைப் பிடித்துக்கொள்வாள்.

அடுத்தது அக்கம்பக்கம். குடியேறிய ஓரிரு நாளில் நாம்தான் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். 'எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு' என்று அவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. அடுக்குமாடி என்றால் இரு பக்கத்தோடு மேல்வீடும் கீழ்வீடும். கையில் ஒரு துண்டோ சலவைத்தூளோ, ஐந்நூறு முதல் ஆயிரம் யென் மதிப்பில் போதும். கீழ்வீட்டுக்கு மட்டும் தவறாமல் போங்கள். 'குழந்தை இருக்கிறாள், ஓடுகிற சத்தம் கேட்கலாம், மன்னிக்க வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இந்த வழக்கம் பெருநகரங்களில், அதுவும் தனியாக இருக்கும் இளைஞர்களிடம், குறைந்துவருகிறது. குடும்பங்களிடம் இன்னும் உண்டு.

குப்பை. வார்டு அலுவலகத்தில் முகவரி பதியும்போதே (குடியேறிய 14 நாளுக்குள் பதிய வேண்டும்) குப்பை நாட்காட்டியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எரியும் குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டில்-கேன் ஒரு நாள், பழைய தாள் ஒரு நாள். முந்தின இரவே வைக்கக் கூடாது, காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். காக்கை கிளறாமல் இருக்க மேலே வலை போட வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போட வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. அதைக் கட்டியாக்கும் பொடி கடையில் விற்கிறது. இல்லையென்றால் பழைய துணியிலோ தாளிலோ ஊறவைத்து எரியும் குப்பையில் போடலாம். நம் வீட்டுச் சமையலுக்கு இது முக்கியம். நாற்காலி, மெத்தை போன்றவற்றுக்கு முன்பதிவு செய்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினால்தான் எடுப்பார்கள்.

வீடு கிடைப்பது பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்த புதிதில் ஒரு தரகர் 'இந்த வீடு வெளிநாட்டவருக்கு இல்லை' என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். இப்படி மூன்று வீடு போனது. அதுபோக, வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று ஒரு நன்றிப்பணம் உண்டு, திரும்ப வராது. உத்தரவாத நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம். இதெல்லாம் வேண்டாம் என்றால் யூ.ஆர். என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்புகளைப் பாருங்கள். நன்றிப்பணமும் இல்லை, உத்தரவாதக்காரரும் வேண்டாம், தரகும் இல்லை. எங்கள் பக்கத்து இந்தியக் குடும்பங்கள் பல அப்படித்தான் குடியேறின.

பழைய சைக்கிள் (#3)

மிக்ஸி கேள்விக்கு மட்டும் பதில். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸியை அப்படியே செருகினால் சட்னி அரையாது. வோல்ட்டை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், மிக்ஸியின் வாட்ஸைவிடக் கூடுதல் திறனில் வாங்குங்கள். கிரைண்டரும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். அந்த நாட்டின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை சேரவில்லை. டோக்கியோ 50, நம் ஊரும் 50. அதனால் அந்த விதத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மட்டும் மாவு ஆட்டாதீர்கள். சுவர் மெல்லியது.

நொய்யல்காரி (#4)

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. கீழ்வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று இப்போதே குறித்துக்கொண்டேன். குளியல் பற்றியும் சொல்லுங்களேன். ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டில் எல்லோரும் குளிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

வல்லைவெளி (#5)

உண்மைதான் தங்கச்சி, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நான் யாழ்ப்பாணம், ஒசாகாவில் இருபது வருடத்துக்கு மேல். எனக்கும் முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது.

அங்கே அழுக்குப் போக்குவது வேறு, தொட்டியில் இறங்குவது வேறு. தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை முழுகி, நுரை ஒரு துளி இல்லாமல் ஊற்றிக் கழுவிய பிறகுதான் தொட்டி. தண்ணீர் 40 முதல் 42 டிகிரி. கழுத்துவரை மூழ்கி ஐந்து பத்து நிமிடம் சும்மா இருப்பது, அவ்வளவுதான். தொட்டிக்குள் சோப்பு இல்லை, தேய்ப்பது இல்லை. ஆகவே தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஒருவர் வெளியேறியதும் மூடி போட்டு வைப்பார்கள், சூடு குறைந்தால் மறுபடி காய்ச்ச ஒரு பொத்தான். மிஞ்சிய தண்ணீரை மறுநாள் சலவை இயந்திரத்துக்கு எடுக்கிற வீடுகள் நிறைய. விருந்தாளி இருந்தால் முதல் குளியல் அவருக்கு. அதை மறுப்பது சரியில்லை.

வீட்டில் தொட்டி இல்லாத காலத்தில் தெருவுக்கு ஒரு செந்தோ, அதாவது பொதுக் குளியல்கடை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. 1968இல் டோக்கியோவில் மட்டும் 2,600க்கு மேல் இருந்தன. இப்போது ஐந்நூறுக்கும் குறைவு. கட்டணத்தை மாகாண அரசே தீர்மானிக்கிறது. டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் பெரியவருக்கு 550 யென் ஆக்கினார்கள். டோக்கியோவைச் சுற்றிய கண்ட்டோ பக்கத்துச் செந்தோக்களில் சுவர் முழுக்க ஃபூஜி மலை வரைந்திருக்கும். 1912இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் ஒரு கடையில் தொடங்கிய வழக்கம் அது. எங்கள் ஒசாகாப் பக்கம் தொட்டியை அறையின் நடுவில் கட்டுவார்கள், சுற்றி உட்கார்ந்து தொட்டியிலிருந்தே வாளியில் அள்ளி ஊற்றிக்கொள்வோம். 'கெரோரின்' என்று தலைவலி மருந்து விளம்பரம் அச்சடித்த மஞ்சள் வாளி நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் அள்ளி ஊற்றத் தோதாக எங்கள் பக்கத்துக்குச் சிறிய அளவு செய்கிறார்கள்.

குளிர்காலத்தில் பகல் மிகக் குறைந்த நாளில் யூசு என்கிற எலுமிச்சை இனப் பழத்தை முழுசாகத் தொட்டியில் மிதக்கவிடுவார்கள். வேலை முடிந்து, பனியில் நடந்து, அந்த மணத்துக்குள் இறங்கிய முதல் நாள் எனக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது. நல்லெண்ணெய் தேய்த்துவிட்ட அம்மாவின் கை நினைவு. மகளைக் கட்டாயம் ஒருமுறை செந்தோவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே வயதான பெண்கள் குழந்தையோடு கதைப்பார்கள். வெளியில் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிற அதே மனிதர்கள்தான்.

தைப்பனி (#6)

படிக்கப் படிக்க ஏக்கமாக இருக்கிறது. சுத்தம், ஒழுங்கு, அமைதி எல்லாம் அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது. நம் ஆட்களுக்கு எத்தனை வருடம் ஆனாலும் வராது. பிறவிக்குணம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

எடோகவா_வாசி (#7)

தைப்பனி, இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1960களின் டோக்கியோவைப் பற்றி எங்கள் வார்டு முதியவர்களைக் கேளுங்கள். நகரக் குப்பையின் பெரும்பகுதியைக் கோத்தோ வார்டின் கடலோரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த இடத்தின் பெயர் யுமெனோஷிமா, 'கனவுத் தீவு'. 1965 கோடையில் அங்கிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி ஊருக்குள் வந்தன. சோற்றுத் தட்டை மூடி வைத்துச் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். 1971இல் ஆளுநர் மினோபே ர்யோகிச்சி 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். சுகினாமி வார்டு தன் எல்லைக்குள் எரியுலை கட்ட விடவில்லை. 'உங்கள் குப்பையை மட்டும் நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்' என்று கோத்தோ வார்டுக்காரர்கள் சுகினாமி லாரிகளை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பல வருடப் பேச்சுவார்த்தைக்கு அப்புறம் 1980களில்தான் சுகினாமியில் எரியுலை இயங்கத் தொடங்கியது. 'தன் வார்டுக் குப்பையைத் தன் வார்டிலேயே' என்ற கொள்கை அந்தச் சண்டையில் பிறந்தது. இன்று அந்தக் கனவுத் தீவு ஒரு பூங்கா.

இரத்தத்தில் இருந்திருந்தால் ஈ ஏன் வந்தது? சண்டை போட்டு, கணக்குப் போட்டு, பள்ளியில் பழக்கி, நாட்காட்டி அச்சடித்து, தெருவுக்குத் தெரு முறை வைத்துக் கொண்டுவந்தது இது. தொகுஷிமா மாகாணத்தில் கமிகட்சு என்று ஒரு மலையூர் உண்டு. இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 2003இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று தீர்மானம் போட்டார்கள். குப்பை வண்டி கிடையாது, அவரவரே நிலையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். முதலில் முணுமுணுப்பும் இருந்தது. இன்றும் அங்கே கிழவர்கள் நின்று, எது எந்தப் பெட்டி என்று பொறுமையாகப் பார்த்துப் போடுகிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 'மற்றவருக்குத் தொல்லை தராதே' என்று மூன்று வயதிலிருந்து சொல்லி வளர்க்கிறார்கள். அந்தச் சொல் 'மெய்வாகு'. ரயிலில் யாரும் போனில் பேசாதது அதனால்தான். உடம்பு சரியில்லாவிட்டாலும் விடுப்புக் கேட்கத் தயங்குவதும், கஷ்டத்தை அடுத்த வீட்டில் சொல்லாமல் தனியாகவே தாங்கிக்கொள்வதும் அதே சொல்லால்தான். அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவுக்கு 'கரோஷி' என்று தனிப்பெயர் வைத்து, அதைத் தடுக்க 2014இல் சட்டமே போட வேண்டியிருந்தது. என் அலுவலகத் தோழர்கள் இருவர் வேலைப்பளுவால் உடைந்துபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதற்காக நம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேவையில்லை.

தைப்பனி (#8)

ஈக்கள் கதை எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் குப்பை பிரிக்கும் வேலையைத் தொடங்கி இரண்டு முறை கைவிட்டோம். மூன்றாம் முறை முயலலாம் என்று தோன்றுகிறது. நன்றி.

கியோட்டோ_மாணவி (#9)

நான் கியோட்டோவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அக்கா, மகளோடு வருவதால் ஒன்று சொல்கிறேன். எழுத்துப் படிக்க அவள் பயப்பட வேண்டியதில்லை. ஜப்பானிய அகரவரிசை இப்படி ஓடும்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' ஒலியாக இருந்தது என்கிறார்கள். அதை வைத்துப் பாருங்கள்: க ச த ந ப ம ய ர வ. நம் வரிசையேதான்! இது தற்செயல் இல்லை. சமஸ்கிருத மந்திரங்களைப் படிக்க பௌத்தத் துறவிகள் 'சித்தம்' என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள். அதன் ஒலி ஒழுங்குதான் அவர்கள் அகரவரிசைக்குள் வந்தது. இன்றும் கல்லறைகளின் பின்னால் நிற்கும் ஒடுக்கமான மரப்பலகைகளில் அந்த இந்திய எழுத்தைப் பார்க்கலாம். பலகையின் பெயர் 'சொதோபா'. 'ஸ்தூபம்' என்ற சொல்தான் அது.

சாமிகளும் நமக்குத் தெரிந்தவர்களே. வீணை போன்ற பீவாவை ஏந்திய பென்சாய்தென், நம் சரஸ்வதி. டோக்கியோவில் உவேனோ குளத்தின் நடுவே கோயில் இருக்கிறது. ஷிபமாத்தாவின் தாய்ஷாகுதென், இந்திரன். அசகுசாவில் கூட்டம் மொய்க்கும் சென்சோஜிக்குச் சற்றுத் தள்ளி மட்சுச்சியாமா என்ற சிறு குன்றில் ஷோதென் கோயில். அவர் பிள்ளையார். சிலையைத் திறந்து காட்டுவதில்லை. அங்கே மோதகத்துக்குப் பதில் முள்ளங்கி படைக்கிறார்கள். வாங்கி வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன், மனசு நிறைந்தது. நாரா பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்த போதிசேனரும் இந்தியாவிலிருந்து போனவர்தான்.

ஒரே வீட்டில் புத்தருக்கு ஒரு மாடம், ஷின்டோ என்ற அவர்களுடைய பழைய மரபின் தெய்வத்துக்கு ஒரு மாடம். குழந்தை பிறந்தால் ஷின்டோ கோயில், இறந்தால் புத்தர் கோயில். 'நீங்கள் என்ன மதம்?' என்று கேட்டால் பலர் 'எதுவும் இல்லை' என்பார்கள். அதே ஆட்கள் ஜனவரி முதல் நாள் குளிரில் வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். நம்புகிறாயா என்ற கேள்வி அங்கே பெரிதில்லை. செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள்.

பழைய சைக்கிள் (#10)

ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று ஒரு ஜப்பானியப் பேராசிரியரே எழுதியிருக்கிறாராமே?

வல்லைவெளி (#11)

ஓனோ சுசுமு (1919–2008). எங்கள் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். அவர் காட்டிய சொல் ஒப்பீடுகளைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆசை வேறு, சான்று வேறு. பிள்ளைகளுக்கு அதை முடிந்த உண்மையாகச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

ஆனால் படிக்கும்போது தமிழ் கைகொடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இன்னொன்று, அவர்களுக்குச் சுட்டு மூன்று: கொரே, சொரே, அரே. என்னிடம் இருப்பது, உன்னிடம் இருப்பது, இருவருக்கும் எட்டத்தில் இருப்பது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'சொரே'யில் தடுமாறுவார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்னும் 'இது, உது, அது' என்கிறோம், 'உங்கை என்ன செய்யிறாய்' என்று கேட்கிறோம். வகுப்பில் ஆசிரியை மூன்று பொம்மைகளை வைத்து விளக்கியபோது எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. 'கொரே' இது, 'சொரே' உது. ஒரு ஒற்றுமைதான், உறவுக்குச் சாட்சி இல்லை.

கியோட்டோ_மாணவி (#12)

சாப்பாடும் பள்ளியும் இன்னும் பாக்கி இருக்கிறது.

சைவத்துக்குச் சவால் இறைச்சி இல்லை, தாஷி. உலர்ந்த மீனைச் சீவி வெந்நீரில் போட்டு எடுக்கும் சாறு. மிசோ சூப்பு, உடோன் நூடுல்ஸ், கீரை, முட்டை, பல ஊறுகாய்கள் என்று எல்லாவற்றிலும் இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் மனதாரச் சொல்வார், தாஷி அவர் கணக்கிலேயே வராது. தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொன்னால் புரியும்: சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய அதே மாசிதான், அங்கே கட்சுவோபுஷி. வீட்டில் கொம்பு என்ற கடற்பாசியும் காய்ந்த ஷீதாகே காளானும் ஊறவைத்துச் சாறு எடுங்கள், அருமையாக இருக்கும். வெளியில் என்றால் புத்தர் கோயில்களின் ஷோஜின் என்ற சைவச் சமையலைத் தேடுங்கள். விலை அதிகம்.

பள்ளியில் மதிய உணவு பொது. 1954இலேயே அதற்குச் சட்டம் வந்தது. குழந்தைகளே வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். சைவம் என்று வகுப்பாசிரியரிடம் முதலிலேயே பேசி, டப்பா கொடுத்துவிட அனுமதி வாங்குங்கள். முடிந்தால் அன்றைய பட்டியலைப் பார்த்து அதே தோற்றத்தில் செய்து அனுப்புங்கள். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் செய்தோம், அவள் தனித்து உட்காரும் எண்ணமே வரவில்லை.

வகுப்பறை, தாழ்வாரம் எல்லாம் குழந்தைகளே பெருக்கித் துடைப்பார்கள். உள்ளே அணிய வெள்ளைக் காலணி தனி. காலையில் பல பள்ளிகளுக்குத் தெருப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து நடந்து போவார்கள். பெற்றோர் கொண்டுபோய் விடும் வழக்கம் இல்லை. இதற்கு அக்காதான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணிக்குத் தெரு ஒலிபெருக்கியில் பழைய குழந்தைப்பாட்டின் மெட்டு ஒலிக்கும். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் அது. நிலநடுக்க எச்சரிக்கைக்கு வைத்த ஒலிபெருக்கி அது, தினமும் அப்படி ஒலிக்கவிட்டால் பழுது இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

வல்லைவெளி (#13)

சாப்பாட்டைப் பற்றிப் பேசியதால் ஒன்று. சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். எல்லா வழிகாட்டியிலும் இது இருக்கும். காரணம் எனக்கு ஒரு சாவில்தான் முழுசாக விளங்கியது.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், எனக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவர், இறந்துபோனார். அவர் தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு, அதில் நிமிர்த்திக் குத்திய குச்சிகள். தகனத்துக்குப் பிறகு எங்களை ஓர் அறைக்கு அழைத்தார்கள். எலும்புகள் தட்டில் இருந்தன. இருவர் இருவராக நின்று, ஒரே எலும்பை இருவர் குச்சிகளாலும் சேர்த்துப் பிடித்துக் கலசத்தில் இட வேண்டும். காலில் தொடங்கி மேலே போவார்கள், கலசத்துக்குள்ளும் அவர் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காக. தொண்டைப் பக்கத்து எலும்பு ஒன்று கைகூப்பி உட்கார்ந்த புத்தர்போல் இருக்கும், அது கடைசியில். அவர் மனைவி என்னைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எங்கள் ஊரில் சாம்பல் அள்ளியபோது என் கை நடுங்கிய அதே மாதிரி நடுங்கியது.

அந்த ஆகஸ்டில் முதல் ஓபோன். 13 முதல் 16 வரை, இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். வெள்ளரிக்காயில் நான்கு குச்சி குத்தினால் குதிரை, கத்தரிக்காயில் குத்தினால் மாடு. குதிரை அவர் விரைந்து வருவதற்கு, மாடு ஆறுதலாகத் திரும்பிப் போவதற்கு. அந்த அம்மா கத்தரிக்காயில் குச்சி குத்தக் கொஞ்சம் பெரிய காயாகத் தேடியெடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நொய்யல்காரி (#14)

மன்னியுங்கள், நீண்ட நாள் கழித்து வருகிறேன். இப்போது நவம்பர். வந்து எட்டு மாதமாகிவிட்டது. யூ.ஆர். வீடுதான் கிடைத்தது. கீழ்வீட்டுக்குத் துண்டு கொண்டுபோனோம். 'குழந்தைச் சத்தம் இருந்தால்தான் வீடு' என்று அந்தப் பெரியவர் சொன்னதைக் கணவர் மொழிபெயர்த்தார். மகள் ஐந்து மணி மெட்டுக்குச் சரியாக வந்து 'ததாய்மா' என்கிறாள். நான் அழுத நாட்களும் இருந்தன, மே மாதம் முழுக்க யாரிடமும் பேச முடியாமல். அதுவும் கடந்துவிட்டது.

ஒரு அவசரக் கேள்வி. எதிர்வீட்டு அம்மா நேற்று மூங்கில் தட்டில் ஐந்து காக்கிப் பழம் வைத்துக் கொடுத்தார், தக்காளி நிறத்தில் இருக்குமே, அது. ஊரிலிருந்து தங்கை அனுப்பியதாம். கென்கானில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் வெறும் பாத்திரமாகக் கொடுக்க மாட்டோம். இங்கே எப்படி? ஏதாவது வைத்தால் தவறாக எடுத்துக்கொள்வாரா?

வல்லைவெளி (#15)

தவறே இல்லை தங்கச்சி. அவர் கொடுத்ததற்குப் பெயர் ஒசுசொவாகெ, தனக்கு வந்ததில் ஒரு பங்கு. தட்டில் வைத்துத் திருப்புவதற்கும் ஒரு பெயர் உண்டு, 'ஒவுட்சுரி'. அந்தக் காலத்தில் வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டியோ இரண்டு தாளோ வைத்தாவது கொடுப்பார்கள். விலை கூடியதை வைக்காதீர்கள், அவர் மறுபடி ஈடுசெய்ய வேண்டி வரும். வீட்டில் செய்ததில் கொஞ்சம். எண்ணிக்கை நான்கு வேண்டாம், அந்தச் சொல்லுக்குச் சாவு என்றும் ஒலி.

நொய்யல்காரி (#16)

தேங்காய் பர்பி ஐந்து துண்டு வைத்துக் கொண்டுபோனேன். வழக்கம்போலப் படிக்குக் கீழே நின்று நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'ஏறி வாருங்கள்' என்றார். நான் புரிந்து சுதாரிப்பதற்குள் மகள் செருப்பைக் கழற்றிக் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள்.